பெற்றோரின் அரசியலிலிருந்து நியாயம், பொறுப்பு பற்றி என்ன கற்றுக்கொண்டீர்கள்?

கேள்வி கேட்டவர் கூடவே இன்னொன்றும் கேட்டிருக்கிறார்: "அவர்களுடைய அரசியலை ஏற்க முடியாமல் போனால், அந்தப் பாடங்களை என்ன செய்வது?" இந்த இரண்டாவது பாதிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். என் அப்பாவும் நானும் ஒரு தேர்தலில்கூட ஒரே பக்கம் ஓட்டுப் போட்டதில்லை. ஆனாலும் எது நியாயம் என்று குழம்பும்போதெல்லாம் என் தலைக்குள் கேட்கிற குரல் இன்றைக்கும் அவருடையதுதான்.

அவருடைய அரசியலை நாலு வரியில் சொல்லிவிடலாம். அரசாங்கம் சாலை போட வேண்டும், பள்ளிக்கூடம் நடத்த வேண்டும், திருடனைப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் மனிதனை அவன் போக்கில் விட்டுவிட வேண்டும். ஒருவன் உழைத்ததை எடுத்து உழைக்காதவனுக்குக் கொடுத்தால் இரண்டு பேரும் கெட்டுப்போவார்கள். செய்தி ஓடும்போது அவர் அடிக்கடி சொல்வது, "கை கால் நல்லா இருக்கிறவனுக்கு எதுக்கு உதவி?"

இனி பென்சில் கதை. எனக்குப் பத்து வயது இருக்கும். நான் மூத்தவள், அடுத்து தம்பி, கடைசியாகத் தங்கை. யாரோ பயன்படுத்திய ஒரு பெட்டி கலர் பென்சில் எங்களுக்கு வந்தது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். சில கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தன. மூன்று பேரும் கத்தின கத்தலில் அப்பா எழுந்து வந்து பெட்டியை வாங்கி என் கையில் வைத்தார். "நீ மூணாப் பிரி. அவங்க ரெண்டு பேரும் முதல்ல எடுப்பாங்க. மிச்சம் உனக்கு."

நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பென்சிலாக அளந்து நோட்டில் எழுதி, மூன்று குவியலின் கூட்டுத்தொகையும் ஒன்றாக வரும்வரை மாற்றி மாற்றி வைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். தம்பி மூன்றையும் உற்றுப் பார்த்துவிட்டு ஒன்றை அள்ளிக்கொண்டு போனான். அடுத்து வந்த தங்கை மீதி இரண்டையும் கிளறிவிட்டு அழ ஆரம்பித்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது நீலம் ஒன்றுதான், அது தம்பியின் குவியலோடு போயிருந்தது. என் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் பிசகில்லை. நோட்டை அப்பாவிடம் நீட்டினேன். அவர் முழுசாகப் படித்தார். "அளந்ததெல்லாம் சரி. அவளைக் கேட்டியா?" என்றார்.

பிரிக்கிறவர் கடைசியில் எடுக்க வேண்டும் என்ற விதி அப்பாவின் சொந்தச் சரக்கு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். கல்லூரிக்குப் போன பிறகு ஜான் ரால்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் 1971-இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் அதே விதியைப் பார்த்தேன். கேக்கை வெட்டுகிறவருக்குக் கடைசித் துண்டு என்று வைத்தால், தன் பங்கு குறையக் கூடாதே என்றாவது சமமாக வெட்டுவார் என்கிறார். அதோடு அவர் நிற்கவில்லை. ஒரு சமூகத்தின் விதிகளை நீங்கள்தான் எழுத வேண்டும், ஆனால் அங்கே நீங்கள் யாராகப் பிறப்பீர்கள், பணக்காரராகவா, ஏழையாகவா, கெட்டிக்காரராகவா, நோயாளியாகவா என்பது உங்களுக்கே தெரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது என்ன விதி எழுதுவீர்கள் என்று கேட்கிறார். அவர் கண்ட விடையில் ஏற்றத்தாழ்வுக்கு இடம் உண்டு, ஆனால் அது எல்லோருக்கும் கீழே இருப்பவருக்கும் பலன் தருவதாக இருக்க வேண்டும்.

அப்பாவின் வீட்டு விதியை நாட்டுக்கு விரித்தால் வந்து நிற்கிற இடம் அப்பாவின் அரசியலுக்கு நேர் எதிர்! அந்த விடுமுறைக்கு வந்ததும் முதல் வேலையாக அதைச் சொன்னேன். "வீடு வேற, நாடு வேற" என்றார். எனக்கு மேலே வாதாடத் தெரியவில்லை. அந்த நாலு சொல்லுக்குள்தான் விஷயமே இருக்கிறது என்று புரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று.

பொறுப்பு பற்றி அவர் சொல்லிக் கொடுத்தது ஒரு நூலகப் புத்தகத்தை வைத்து. எட்டாவது படிக்கும்போது என் கார்டில் எடுத்த புத்தகத்தைத் தோழி கேட்டாள், கொடுத்தேன். அவள் அதை மழையில் நனைத்துவிட்டாள். காய்ந்த பிறகு பக்கங்கள் அலையலையாக உப்பி, அட்டை மூடவே இல்லை. "நான் நனைக்கலையே, அவதானே!" என்றேன். அப்பா மறுக்கவில்லை. "நனைச்சது அவதான். கையெழுத்து யாருது?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் என்னோடு நூலக வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை. நானே போய், இது என் பேரில் எடுத்தது, கெட்டுப்போய்விட்டது என்று சொன்னேன். தோழியின் பெயரைச் சொல்லவில்லை. அபராதத்தை என் சேமிப்பிலிருந்து தவணையாகக் கட்டினேன். வெளியே வந்தபோது அவர் பாராட்டவும் இல்லை, அறிவுரை சொல்லவும் இல்லை. "அவகிட்ட கோவமா இருந்தா அவகிட்டயே சொல்லிடு, மனசுல வச்சுக்காதே" என்றார்.

பழி யார் மேல் என்பதும் சரிசெய்ய வேண்டியது யார் என்பதும் வேறு வேறு கேள்விகள் என்று அன்றைக்குப் பிடிபட்டது. இத்தனை வருஷ வேலை வாழ்க்கையில் என்னைக் காப்பாற்றிய பாடம் இது. இருபத்தெட்டு வயதில் நான் பொறுப்பேற்றிருந்த ஒரு வேலை மொத்தமாகக் கவிழ்ந்தது. மேலாளர், கெடு, கூட இருந்தவர்களின் மெத்தனம் என்று அரைமணி நேரம் போனில் கொட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிம்மா. நூத்துக்கு உன் பங்கு எவ்வளவு?" என்றார். பத்து இருக்கும் என்றேன். அதிகம் என்றோ குறைவு என்றோ அவர் சொல்லவில்லை. "அந்தப் பத்து என்னது?" என்றார்.

யோசித்தால் பதில் இருந்தது. இரண்டு மாதம் முன்பே கெடுவுக்குள் முடியாது என்று எனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன். அடுத்த நாள் கூட்டத்தில் அதை மட்டும் சொன்னேன். மீதித் தொண்ணூறு யாருடையது என்று நான் ஆரம்பிக்கவில்லை, அதில் கொஞ்சத்தை மற்றவர்கள் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இவ்வளவு நல்ல கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர், செய்தியில் வேலையில்லாத ஒருவரைப் பார்த்ததும் ஏன் அப்படிப் பேசுகிறார்? எங்கள் சண்டையெல்லாம் இங்கேதான். "நிஜமாவே முடியாதவன்னா கொடுக்கட்டும். முடியலன்னு நிரூபிக்கட்டும்" என்பார். தன் துரதிர்ஷ்டம் தன் தவறால் வந்ததில்லை என்று நிரூபித்த பிறகே உதவி என்று வைத்தால், உதவி கேட்பவரைத் தன்னையே இழிவுபடுத்திக்கொள்ள வைக்கிறோம் என்று எலிசபெத் ஆண்டர்சன் என்ற தத்துவப் பேராசிரியர் 1999-இல் எழுதினார். எனக்கு அது முழுக்க உடன்பாடு. அப்பாவுக்கு அது இன்றுவரை வெறும் வார்த்தை ஜாலம்.

இதற்கு நடுவில் அவர் ஓய்வு பெற்றார். அவர் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்தவர். கூட வேலை பார்த்த ஒருவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அப்பா உள்ளே போயிருந்த சமயத்தில் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். பல வருஷம் முன்பு அவர் தொடர்ந்து தாமதமாக வந்து இரண்டு எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தார். மூன்றாவது கடிதம் எழுதினால் வேலை போய்விடும். எழுத வேண்டியவர் அப்பா. எழுதுவதற்கு முன் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து என்ன பிரச்சினை என்று கேட்டிருக்கிறார். வீட்டில் படுக்கையில் கிடக்கும் தாய், பார்த்துக்கொள்ள ஆள் வந்து சேர ஒன்பது மணி ஆகும். அப்பா தன்னுடைய மதிய ஷிஃப்ட்டை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய காலை ஷிஃப்ட்டைத் தான் எடுத்துக்கொண்டார். மூன்றரை வருஷம்.

அந்தக் காலத்தில் அப்பா விடியற்காலையில் கிளம்பிப் போனது எனக்கு நினைவிருக்கிறது. காரணம் எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன்: "நீங்க செய்திபார்த்துப் பேசுற கணக்குப்படி அவர் பொறுப்பில்லாதவர்தானேப்பா? ஏன் மாத்தி விட்டீங்க?"

"அவன் எனக்குத் தெரிஞ்சவன்மா."

வேறு விளக்கம் தரவில்லை. தேவைப்படவும் இல்லை. வீடு வேறு நாடு வேறு என்று அவர் சொன்னதற்கு அர்த்தம் இதுதான். தெரிந்தவர் தாமதமாக வந்தால் அவருக்கு என்ன கஷ்டமோ என்று மனம் கேட்கிறது. தெரியாதவர் தாமதமாக வந்தால் சோம்பேறி என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. அப்பா மட்டும் இப்படி இல்லை. மனிதர்களின் செயலுக்குச் சூழ்நிலையை விட்டுவிட்டுக் குணத்தையே காரணம் காட்டும் இந்தப் பழக்கத்தை, 1977-இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் பிறரைப் புரிந்துகொள்வதில் நாம் செய்யும் அடிப்படைப் பிழை என்றே பெயரிட்டு எழுதினார்.

இன்னும் ஆழமான ஒன்றும் இருக்கிறது. மெல்வின் லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் 1966-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், ஒரு பெண் மின்னதிர்ச்சி வாங்குவதுபோன்ற காட்சியைச் சிலரைப் பார்க்கவைத்தார்கள். உண்மையில் அதிர்ச்சி எதுவும் கொடுக்கப்படவில்லை. அவளுடைய வேதனையை நிறுத்த வழியில்லாதவர்கள் கொஞ்ச நேரத்தில் அவளையே மட்டமாக மதிப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு தப்பும் செய்யாதவருக்கு இப்படி நடக்கிறது என்று ஒப்புக்கொண்டால், நாளைக்கு நமக்கும் நடக்கலாம் என்றாகிறது. அந்தப் பயத்தைவிட "அவன் மேலதான் ஏதோ தப்பு" என்பது சுலபம். இதைப் படித்த பிறகு செய்தி முன்னால் அப்பா பேசுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருவது குறைந்தது. சின்ன வயதில் தகப்பனை இழந்து, தன் கையால் ஒவ்வொரு செங்கலாக வாழ்க்கையைக் கட்டியவர் அவர். உழைத்தால் விழ மாட்டோம் என்ற நம்பிக்கையை அவரால் விட முடியாது. விட்டால் அவர் எதன் மேல் நிற்பார்?

அதற்காக அவர் சொல்வது சரி என்று ஆகிவிடாது. தெரிந்தவர்களுக்கு நியாயம் செய்ய அரசியல் தேவையில்லை, அன்பு போதும். வரி, உதவித்தொகை, வேலைச் சட்டம் எல்லாம் நாம் வாசலில் சந்திக்கப்போகாத மனிதர்களுக்காக. கூப்பிட்டு உட்காரவைத்து என்ன பிரச்சினை என்று கேட்க ஒரு சூப்பர்வைசர் கிடைக்காதவர்களுக்காக. அப்பா அன்றைக்குச் செய்ததை முகம் தெரியாதவருக்கும் கிடைக்கச் செய்வதுதான் என் அரசியல். இதை அவரிடமே இப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அரசியலில் என் பக்கம் நிற்பவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. அமைப்பு, சூழ்நிலை என்று பேசிப் பேசி, கஷ்டத்தில் இருப்பவரைத் தானாக எதையும் செய்ய முடியாதவராகவே பார்க்கப் பழகிவிடுகிறோம். அதுவும் அவமானம்தான். என் தங்கையைக் கேட்காமல் நான் பென்சிலை அளந்ததுபோல.

சரி, கேள்வியின் இரண்டாம் பாதி. பெற்றோரின் அரசியலை விட்டு விலகுவது துரோகம் என்று உங்களுக்குத் தோன்றினால் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் கென்ட் ஜென்னிங்ஸும் ரிச்சர்ட் நீமியும் 1965-இல் பள்ளி இறுதி மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் சேர்த்து ஆய்வு செய்தார்கள். கட்சிப் பிடிப்பு ஓரளவு நன்றாகவே கைமாறியிருந்தது, தனித்தனி விஷயங்களில் கருத்து அந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. எலியாஸ் டினாஸ் 2014-இல் எழுதிய கட்டுரை எனக்கு இன்னும் நெருக்கமானது. அரசியல் அதிகம் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் முதலில் பெற்றோரின் கருத்தையே எடுத்துக்கொள்கிறார்கள். வெளியே வந்து புது ஆட்களோடு பேசும்போது, அதிலிருந்து விலகுவதும் அவர்களிடம்தான் அதிகம் என்று அதில் காட்டுகிறார். பேசிப் பழகின வீடு அது, பிள்ளை அடுத்த இடத்திலும் பேசத்தானே செய்யும்? என் அப்பா என்னை வாதாட விட்டார். நான் விலகினதில் அவருக்கும் பங்கு உண்டு, நூற்றுக்கு எவ்வளவு என்று அவரே சொல்லட்டும்.

போன மாதம் அவர் தன்னிடம் இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் எங்கள் மூவருக்கும் எழுதி வைக்க முடிவு செய்தார். ஒரு தாளை என்னிடம் கொடுத்து, "நீ மூணாப் பிரி. அவங்க முதல்ல எடுக்கட்டும்" என்றார். தம்பியின் நிலைமை சில வருஷமாகச் சரியில்லை. சரிசமமாகப் பிரித்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. அவனுக்குக் கூடுதலாக வைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். உழைப்பு, பொறுப்பு என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன். தாளைத் திருப்பி வாங்கி, நான் போட்டிருந்த மூன்று கட்டத்தையும் பார்த்தார்.

"அவனைக் கேட்டியா?"

இல்லை, கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனை வரச் சொல்லியிருக்கிறேன்.