ஃபிராங்கன்ஸ்டைனின் பிள்ளை: அதுவா, அவனா?

கேள்வி இது: "இருநூறு வருடப் பழைய ஃபிராங்கன்ஸ்டைன் கதை இன்றைய சினிமாவிலும் காமிக்ஸிலும் ஏன் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது? நமக்குத் தெரிந்த அந்தப் பூதத்துக்கும் அசல் கதைக்கும் சம்பந்தம் உண்டா?"

உண்டு, ஆனால் பாதிதான். நம்மிடம் வந்து சேர்ந்தது அவனுடைய முகம். அவனுடைய பேச்சு வழியிலேயே தொலைந்து, நூறு வருடத்துக்கு மேல் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. எனக்கு அந்தப் பேச்சுதான் முக்கியம். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

இந்த நாவலை நான் படித்தது என் மகள் பிறந்த மூன்றாவது மாதம். ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து பால் கொடுக்கும்போது கண் அசந்துவிடக் கூடாது என்று போனில் ஏதாவது படிப்பேன். இணையத்தில் இலவசமாகக் கிடைத்ததால் இதை எடுத்தேன். மின்னல், கோட்டை, கூன் விழுந்த உதவியாள், விஞ்ஞானியின் கூச்சல் எல்லாம் வரும் என்று காத்திருந்தேன். எதுவும் வரவில்லை. நவம்பர் மாதத்து மழை இரவு, எரிந்து தீரப்போகும் மெழுகுவத்தி, இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த விக்டர் என்ற மாணவன். அவன் டாக்டர்கூட இல்லை. ஏறக்குறைய இரண்டு வருட உழைப்புக்குப் பிறகு, அவன் செய்து வைத்த உருவத்தின் மங்கிய மஞ்சள் கண் திறக்கிறது. அவ்வளவுதான். விக்டர் அரண்டுபோய் அறையை விட்டு ஓடிப் படுக்கையில் விழுகிறான். திடுக்கிட்டு விழித்தால், கட்டிலின் திரையை விலக்கிக்கொண்டு அந்த உருவம் நிற்கிறது. வாய் திறக்கிறது, புரியாத ஏதோ சத்தம் வருகிறது, கன்னம் சுருங்க ஒரு சிரிப்பு, ஒரு கை நீள்கிறது. விக்டர் மாடிப்படி இறங்கி ஓடிவிடுகிறான்.

அந்த இடத்தில் போனைக் கீழே வைத்துவிட்டேன். என் மடியில் இருந்தவளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள். அர்த்தமில்லாத சத்தம், காரணமில்லாத சிரிப்பு, என் மூக்கைத் தேடி நீளும் கை. பிறந்த பிள்ளை செய்வதைத்தான் அவன் செய்தான். பெற்றவன் பயந்து ஓடிவிட்டான்.

எழுதிய மேரி ஷெல்லிக்கு அப்போது வயது 18. ஜெனீவா ஏரிக்கரை, 1816ஆம் வருடம், முந்தைய வருடம் தம்போரா எரிமலை வெடித்ததால் ஐரோப்பாவுக்கு ஒழுங்காக வெயிலே வராத கோடை, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று கவிஞர் பைரன் போட்ட யோசனை. இதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். அதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்ததைக் குறைவாகவே சொல்கிறார்கள். 1815 பிப்ரவரியில் மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் முன்பே மார்ச்சில் இறந்துபோனது. சில நாள் கழித்து டைரியில் ஒரு கனவை எழுதி வைத்திருக்கிறார்: குழந்தைக்கு மறுபடி உயிர் வந்ததாம், அது வெறுமனே குளிர்ந்துதான் போயிருந்ததாம், நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துவிட்டதும் பிழைத்துக்கொண்டதாம். மேரியைப் பெற்ற அம்மாவோ பிரசவத்துக்குப் பிறகு 11 நாளில் இறந்தவர். இந்த நாவலின் மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் முதலில் அந்த டைரியைப் பார்க்கலாம்.

இந்தக் கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தால் முதல் வாக்கியத்திலேயே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அது என்பதா, அவன் என்பதா? விக்டர் அவனுக்குப் பெயரே வைக்கவில்லை. கைக்குழந்தையை நாமும் "அது" என்றுதான் சொல்கிறோம். குழந்தை அழுகிறது, தூங்குகிறது. நாலு வார்த்தை பேச ஆரம்பித்ததும் நம்மை அறியாமலே அவள் அழுகிறாள், அவன் தூங்குகிறான் என்று மாறிவிடுகிறது. நாவலில் அவன் பேசுகிறான், அதுவும் பக்கம் பக்கமாக. அதனால் எனக்கு அவன் அவன்தான்.

எப்படிப் பேசக் கற்றுக்கொண்டான் என்பது புத்தகத்திலேயே அழகான பகுதி. ஊரார் கல்லெறிந்து விரட்டியதும் காட்டோரமாக ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொள்கிறான். பலகை இடுக்கு வழியாக உள்ளே ஒரு குடும்பம் தெரிகிறது. கண் தெரியாத கிழவர், அவருடைய மகன், மகள். முதலில் அவர்களுடைய சாப்பாட்டைத் திருடித் தின்கிறான். அவர்களே ஏழைகள், தான் எடுப்பதால் பட்டினி கிடக்கிறார்கள் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டுக் காட்டுப் பழமும் கிழங்கும் தின்று காலம் தள்ளுகிறான். ராத்திரியில் விறகு பொறுக்கி வந்து வாசலில் போட்டுவிட்டுப் போகிறான். கேட்டுக் கேட்டு முதலில் பிடிபடுகிற சொற்கள்: நெருப்பு, பால், ரொட்டி, விறகு. அப்புறம் படிக்கவும் கற்றுக்கொண்டு ஆங்கிலக் கவிஞர் மில்டன் வரை போகிறான். மற்றவர்கள் வெளியே போயிருக்கும் ஒரு நாளில் துணிந்து கதவைத் தட்டுகிறான். கிழவரிடம்தான் முதலில் பேசுகிறான், ஏனென்றால் அவரால் பார்க்க முடியாது. உன் முகத்தை என்னால் பார்க்க முடியாது, ஆனால் உன் பேச்சில் உண்மை தெரிகிறது என்கிறார் அவர். சில நிமிடம்தான். மகன் திரும்பி வருகிறான், பார்க்கிறான், தடியால் அடிக்கிறான். நினைத்தால் அந்தப் பையனைக் கிழித்துப் போட்டிருக்கலாம். செய்யாமல் வெளியே போய்விடுகிறான்.

இன்னொரு இடம், பனிமலையில். அப்பனும் பிள்ளையும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். என் கண் முன்னால் நிற்காதே என்று விக்டர் கத்துகிறான். உடனே இவன் தன் கைகளால் விக்டரின் கண்களை மூடி, நீ வெறுக்கும் காட்சியை மறைத்துவிட்டேன், இப்போதாவது நான் சொல்வதைக் கேட்கலாமே என்கிறான். எத்தனை முறை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் இது. முகத்தை விட்டுவிட்டுக் குரலைக் கேள் என்று அவனே கெஞ்சுகிறான்.

உலகம் நேர்மாறாகத்தான் செய்தது. நாவல் 1818இல், ஆசிரியர் பெயர் இல்லாமல், 500 பிரதி அச்சானது. 1823இல் லண்டனில் நாடகமாக மேடை ஏறியபோது அவனை ஊமையாக்கிவிட்டார்கள். நோட்டீஸில் அவன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. மேரி நேரில் போய்ப் பார்த்தார், பெயரில்லாதவனுக்குக் கோடு போட்டது அவருக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் பேச்சைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பது அடுத்த வருடமே தெரிந்தது. 1824இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமைச்சர் ஜார்ஜ் கேனிங், அடிமைகளை அவசரப்பட்டு விடுவிக்கக் கூடாது என்று வாதாடும்போது, அண்மையில் வந்த ஒரு கதையின் படைப்போடு அவர்களை ஒப்பிட்டார்: உடம்பில் ஆள் பலம், அறிவில் குழந்தை. புத்தகத்தில் அவன் மில்டன் படித்தவன், தன் நியாயத்தைத் தானே எடுத்துச் சொல்லத் தெரிந்தவன். அதெல்லாம் எடுபடவில்லை. அன்றிலிருந்து இன்றைய செயற்கை நுண்ணறிவுச் சண்டைகள் வரை இந்தப் பெயரை மிரட்டுவதற்குப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாருமே ஊமைப் பதிப்பைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

1931இல் யுனிவர்சல் ஸ்டுடியோவுக்காக ஜேம்ஸ் வேல் எடுத்த படத்தில்தான் நமக்குத் தெரிந்த முகம் பிறந்தது. தட்டை மண்டை, கனத்த இமை, கழுத்தில் போல்ட் மாதிரி இரண்டு முனைகள். ஒப்பனை ஜாக் பியர்ஸ், நடித்தவர் போரிஸ் கார்லாஃப். ஆரம்ப டைட்டிலில் கார்லாஃப் பெயருக்குப் பதில் கேள்விக்குறி. வாயில்லா ஜீவன் ஒன்று அடிபட்டு உறுமுவதை அவர் அவ்வளவு உருக்கமாக நடித்தார், அதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த ஒரு முகத்திலிருந்துதான் முகமூடிகளும் பொம்மைகளும் அமெரிக்க டிவி தொடரின் ஹெர்மன் மன்ஸ்டரும் வந்தார்கள். அரைகுறை வார்த்தை பேசும் காமிக்ஸ் நாயகன் ஹல்க்குக்கும் அவன்தான் ஒரு மூலம் என்று ஹல்க்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டான் லீயே சொல்லியிருக்கிறார்.

சினிமாவில் பேச்சு முதலில் திரும்பி வந்தது 1935இல், அதே வேல், அதே கார்லாஃப், இரண்டாவது படம். காட்டுக் குடிசையில் கண் தெரியாத துறவி ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டிருக்கிறார். இவன் உள்ளே வருகிறான். அவர் கட்டிப்பிடித்து அழுகிறார், தனக்கு ஒரு துணை வந்ததே என்று. ரொட்டி கொடுத்து அந்தச் சொல்லைச் சொல்லித் தருகிறார். அப்புறம் விறகு, நெருப்பு. தனிமை கெட்டது, நண்பன் நல்லது. நாவலில் பலகை இடுக்கு வழியாகத் திருட்டுத்தனமாகக் கற்ற அதே சொற்களை இங்கே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். இவனுடைய கன்னத்தில் கண்ணீர் இறங்குகிறது. பேய்ப்படம் என்று வாங்கிய டிக்கெட்டில் இதைக் காட்டிய மனுஷனுக்கு என் வணக்கம்.

இயக்குநர் விக்டர் எரிசேயின் 1973 ஸ்பானியப் படத்தையும் விட்டுவிட முடியாது. 1940, உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு ஒரு சிற்றூர். ஊருக்கு வந்த சினிமாவில் அந்த 1931 படத்தைப் பார்க்கும் சிறுமி ஆனா, ஏன் படத்தில் வரும் சிறுமியைக் கொன்றான், ஏன் அவனைக் கொன்றார்கள் என்று அக்காவைக் கேட்கிறாள். அவன் சாகவில்லை, கண்ணை மூடி "நான் ஆனா" என்று சொன்னால் வருவான் என்கிறாள் அக்கா. சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சியில் பெரியவர்கள் வாயடைத்துக் கிடக்கும் வீட்டில் ஒரு குழந்தை, பேசாத ஒருவனிடம் பேசப் போகிறாள்.

அதற்குப் பிறகு அவன் வாய் நன்றாகவே திறந்துவிட்டது. 1982இன் பிளேடு ரன்னர் படத்தில் செயற்கை மனிதன் ராய், தன்னைச் செய்தவனைத் தேடிப்போய் ஆயுளை நீட்டித் தா என்று கேட்கிறான். பாக்தாத் எழுத்தாளர் அகமது சதாவி 2013இல் எழுதிய நாவலில், குண்டுவெடிப்பில் சிதறியவர்களின் உடல் துண்டுகளைத் தைத்துச் செய்த ஒருவன், தன்னில் இருக்கும் ஒவ்வொருவர் சார்பிலும் பழிவாங்கக் கிளம்புகிறான். நம் எந்திரன் சிட்டியையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். வசீகரன் ஆத்திரத்தில் அவனை வெட்டிக் குப்பையில் போடுவதும், நாவலில் விக்டர் அவனுக்குத் துணையாகப் பாதி செய்த பெண் உருவத்தைப் பிய்த்துப் போடுவதும் ஒரே கோபம். கடைசியில் சிட்டி பேசிக்கொண்டே தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும் காட்சிக்குத் தியேட்டரே அமைதியானது எனக்கு நினைவிருக்கிறது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. ஃபிராங்கன்ஸ்டைன் என்பது செய்தவன் பெயர், பூதத்தின் பெயர் இல்லை என்று யாராவது திருத்த வருவார்கள். உண்மைதான், நானும் ஒரு காலத்தில் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது விட்டுவிட்டேன். தகப்பன் பெயர் பிள்ளைக்கு இன்ஷியலாக வருவது நம் வழக்கம். சொந்தப் பெயர் வைக்கத்தான் ஆளில்லை, இன்ஷியலாவது இருக்கட்டும்.

கடைசியாக, கியர்மோ டெல் டோரோவின் 2025 படம். கதையின் ஒரு பாதியை விக்டரும் மறுபாதியை அவனும் தன் வாயால் சொல்கிறார்கள். புத்தகத்துக்கு அது செய்த பெரிய மரியாதை என்று நினைக்கிறேன். உயிர் வந்த புதிதில் அவனுக்குத் தெரிந்தது "விக்டர்" என்ற ஒரே ஒரு சொல். எதைக் காட்டினாலும் விக்டர். வேறு ஒன்றும் வரவில்லையே, அறிவில்லாத ஜென்மம் என்று விக்டர் பொறுமை இழக்கிறான். அந்தப் படத்தை வீட்டில் சத்தம் குறைத்து வைத்துப் பார்த்தேன், மகள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து மாதத்தில் அவளுக்கும் ஒரு சொல்தான் தெரியும். தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மா, ஜன்னலில் காக்கா வந்து உட்கார்ந்தாலும் அம்மா.