நீதிபோதனை பீரியட்

ஐயா,

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. ஐந்நூறுக்கு 470 எடுக்கிறான். போன வாரம் பக்கத்து வீட்டுப் பாட்டி தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாமல் வாசலில் நின்றார். இவன் பார்த்துவிட்டு, செல்போனை நோண்டிக்கொண்டே போய்விட்டான். எங்கள் காலத்து நீதிபோதனை வகுப்பை மறுபடி கொண்டுவந்தால் சரியாகாதா? கல்வி குணத்தை மாற்றும் என்று நம்புகிறீர்களா?

ஒரு வாசகர், விருதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

எனக்கும் நீதிபோதனை இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். போர்ஷன் முடிக்கக் கணக்கு வாத்தியார் வந்துவிடுவார். இன்ஸ்பெக்‌ஷன் வந்து யாராவது கேட்டால் நீதிபோதனை நடக்கிறது என்று சொல்லச் சொல்லியிருந்தார். அந்த வகுப்பில் நான் கற்ற நீதி அதுதான்.

கல்வி குணத்தை மாற்றும். என்னை மாற்றியது, கெட்ட பக்கமாக. எட்டாம் வகுப்பில் மாதத் தேர்வு முடிந்ததும் ரேங்க்படி இடம் மாற்றுவார்கள். பையோடு சுவரோரம் நிற்போம். பெயர் வாசிக்க வாசிக்கப் போய் உட்கார வேண்டும். ஒரு மாதம் நான் மூன்றாவது. அதுவரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன் முப்பத்தெட்டோ என்னவோ. பிறகு அவன் காய்ச்சலில் ஒரு வாரம் வராமல், அறிவியல் நோட்டுக் கேட்டு வந்தான். "நானே இன்னும் முடிக்கலைடா" என்றேன். நோட்டின் பச்சை அட்டை பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவனும் பார்த்தான். எங்கள் வீட்டில் யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. சாதிதான் காரணம். அதையொட்டி அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. நீங்கள் கேட்பது போல அறநெறிப் பாடவேளையும் அதில் உண்டு. எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு இரண்டு: சாதியைக் காட்டும் கலர் கயிறு கையில் கட்டக் கூடாது, பிள்ளைகளை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். யார் பக்கத்தில் யார் என்பதை சாதியும் ரேங்க்கும் தீர்மானிக்காமல் பெயரின் முதலெழுத்து தீர்மானித்தால், என் பச்சை அட்டை நோட்டு அன்று கைமாறியிருக்கலாம்.

உங்கள் ஊர்க்காரர் காமராஜர் மதிய உணவைப் பசிக்காகத்தான் கொண்டுவந்தார். ஆனால் கூடவே பந்தியும் ஒன்றாகிவிட்டது. பிற்காலத்தில் சத்துணவு சமைப்பவரின் சாதியைக் கேட்டுப் பிள்ளையைச் சாப்பிட விடாத பெற்றோரும் உண்டு, அது தனிக் கதை.

சரி, உங்கள் மகனிடம் மார்க்கை விட்டுவிட்டு ஒன்று கேளுங்கள்: வகுப்பில் யார் பக்கத்தில் உட்காருகிறான், மதியம் யாரோடு சாப்பிடுகிறான். என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.

அப்புறம், பாட்டி குடத்தோடு நின்றபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கடிதத்தில் இல்லையே.