நெடுந்தீவுக்குக் கூடாரம் வாங்கும் முன்

விடுமுறைக்கு முன்னால் வரும் கேள்விகள் வழக்கமாக ஹோட்டல், டிக்கெட் பற்றித்தான் இருக்கும். இந்த முறை பலர் தீவில் கூடாரம் போட்டுத் தங்குவது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய சந்தோஷம். கவலையும் உண்டு. கொழும்பில் வாங்கிய பொருள் பிழைத்தால் அடுத்த நாள் கடைக்குப் போகலாம். தீவில் இரவு எட்டு மணிக்குப் பிழைத்தால் விடியும்வரை அதோடுதான் இருக்க வேண்டும். அதனால் சில பதில்கள் நீளமாக இருக்கும், பொறுமையாக வாசியுங்கள்.

கேள்வி: நாங்கள் இருவரும் 10 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகளும். ஏப்ரலில் நெடுந்தீவில், அம்மம்மாவின் பழைய காணியில், இரண்டு இரவு கூடாரம் போட நினைக்கிறோம். புறக்கோட்டையில் '4 பேருக்கு, வோட்டர்புரூஃப்' என்று 8,500 ரூபாவுக்கு ஒன்று பார்த்தோம். இன்னொரு கடையில் அதே அளவு 27,000 சொல்கிறார்கள். வித்தியாசம் எதில்? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: பெட்டியில் போட்டிருக்கும் '4 பேர்' என்பது தோளோடு தோள் ஒட்டிப் படுக்கும் கணக்கு. தரை அகலம் 210 செ.மீ. என்றால் ஆளுக்கு 52 செ.மீ.தான் வரும். வீட்டிலிருக்கும் ஒற்றைப் பாயை அளந்து பாருங்கள், புரிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் என்பதால் உங்களுக்கு இடம் போதும். பைகளை மட்டும் வெளியே வைக்க வேண்டி வரும்.

அடுத்து, துணி ஒரு அடுக்கா இரண்டு அடுக்கா என்று பாருங்கள். மலிவான கூடாரங்களில் பல ஒற்றை அடுக்கு. உள்ளே நான்கு பேர் விடும் மூச்சின் ஈரம் துணியில் படிந்து விடிகாலையில் சொட்டும், மழை ஒழுகுகிறது என்று நினைப்பீர்கள். இரண்டு அடுக்கு என்றால் உள்ளே நுளம்பு வலைத் துணி, அதற்கு மேல் தனியாக மழைத்துணி. வடக்கில் ஏப்ரல் நல்ல வெக்கையான மாதம். காற்று ஓடும் வலை இல்லாத கூடாரத்தில் பிள்ளைகள் தூங்கவே மாட்டார்கள்.

'வோட்டர்புரூஃப்' என்ற சொல்லை மட்டும் நம்பாமல் எண்ணைக் கேளுங்கள். துணியின் மேல் எத்தனை மில்லிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும்வரை அது கசியாது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. மழைத்துணிக்கு 1,500, தரைத்துணிக்கு 3,000 இருந்தால் ஏப்ரலில் பின்னேரம் வரும் இடிமழைக்குப் போதும். எண் எங்கேயும் இல்லையென்றால் மழைக்கு அதை நம்ப வேண்டாம். தையல்களின் உள்பக்கத்தில் நாடா ஒட்டியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள், தண்ணீர் முதலில் நுழைவது அங்கேதான். 27,000 ரூபாக் கூடாரத்தில் இவையெல்லாம் இருந்து, கம்பியும் ஃபைபர் கண்ணாடியாக இல்லாமல் அலுமினியமாக இருந்தால், அந்த விலைக்கு ஒரு நியாயம் உண்டு. இல்லையென்றால் பெயருக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

ஆனால் நெடுந்தீவைப் பொறுத்தவரை இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த மண். தீவின் பல இடங்களில் மேல்மண் மெல்லிய படைதான், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். கூடாரத்தோடு வரும் கம்பி முளைகள் அதில் இறங்காது, கடற்கரை மணலில் இறங்கினாலும் நிற்காது. நான் முதல் தடவை போனபோது எட்டு முளையில் ஆறு வளைந்துபோயின. இரவு காற்று எழும்பியதும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காலையில் பக்கத்து வீட்டு ஐயா நாலு வெறும் அரிசிச் சாக்கைக் கொண்டுவந்து, மண்ணை நிரப்பி, கயிற்றை அதில் கட்டிக் காட்டினார். அதன் பிறகு கூடாரம் அசையவில்லை. ஆகவே ஆறு வெறும் சாக்கும் 20 மீற்றர் நைலோன் கயிறும் கட்டாயம் கொண்டு போங்கள். பக்கத்திலிருக்கும் கல்வேலியிலிருந்து கல் எடுத்து வைக்காதீர்கள். அந்தப் பவளக்கல் வேலிகள் தலைமுறை தலைமுறையாக அடுக்கி வந்தவை, ஒவ்வொன்றும் ஒருவருடைய எல்லை.

என் யோசனை: 8,500 ரூபாக் கூடாரம் இரண்டு அடுக்காக இருந்தால் அதையே வாங்கி, மிச்சக் காசில் நல்ல கனமான தறப்பாள் ஒன்று வாங்குங்கள். பகலில் கூடாரத்துக்குள் இருக்கவே முடியாது, பிள்ளைகளுக்கு நிழல் தரப்போவது தறப்பாள்தான். வருடத்துக்கு ஒரு தடவைதான் போவோம் என்றால் வாடகைக்கும் எடுக்கலாம், கொழும்பில் கொடுக்கிறார்கள்.

இராணுவ உடை மாதிரிப் பச்சைப் புள்ளித் துணியில் கூடாரமோ பையோ மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அந்த நிறம் நம் நாட்டில் வீண் விசாரணையைக் கொண்டுவரும்.

எதை வாங்கினாலும் அந்த வாரமே மொட்டை மாடியில் விரித்து, இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் அடித்து, ஓர் இரவு பிள்ளைகளோடு அதற்குள் படுத்துப் பாருங்கள். பற்றுச்சீட்டு கையிலிருக்கும்போதே குறை தெரிந்துவிட வேண்டும்.

கேள்வி: நீங்கள் சொல்வது போலவே வீட்டில் விரித்துப் பார்த்தேன். முதல் நாளே கூடாரத்தின் சிப் பிய்ந்துவிட்டது. பற்றுச்சீட்டில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று முத்திரை குத்தியிருக்கிறது. இனி ஒன்றும் செய்ய முடியாதா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: முடியும். நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுப்பது வேறு, பழுதான பொருளைத் திருப்பிக் கொடுப்பது வேறு. விற்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1896ஆம் ஆண்டின் பண்ட விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. முத்திரையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம்.

சிப்பைப் படம் எடுங்கள். கூடாரம், பெட்டி, பற்றுச்சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கடைக்குப் போய், மாற்றித் தரும்படி அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள், பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் காலக்கெடுவில்தான். வழி தெரியாவிட்டால் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கியவர்கள் இனிமேலாவது கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை.

கேள்வி: அக்கா, பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி வாங்க வேண்டுமா? படகில் தருவார்கள் என்று கணவர் சொல்கிறார். ஒன்லைனில் 2,400 ரூபாவுக்குப் பார்த்தேன். (வத்தளை வாசகி)

பதில்: வாங்குங்கள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவு சுமார் ஒரு மணி நேரப் பயணம், திறந்த கடல். படகில் பெரியவர்களுக்கு அங்கி இருக்கும். ஆறு வயதுப் பிள்ளையின் அளவில் இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. பெரிய அளவு அங்கியைச் சின்னப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் அது மேலே கிளம்பிவிடும், பிள்ளை கீழே வழுக்கிவிடும்.

ஒன்லைன் படத்தில் உள்ளே தைத்திருக்கும் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதில் 50, 100, 150 என்று நியூட்டன் தரம், அதாவது எவ்வளவு பலமாக மிதக்க வைக்கும் என்ற அளவு, இருக்கும். 50 என்பது நீந்தத் தெரிந்தவர்கள் கரைக்குப் பக்கத்தில் போடும் மிதவைச் சட்டை. நீந்தத் தெரியாத பிள்ளைக்கு 100க்குக் குறையாத தரம் வேண்டும், அதில் கழுத்துக்குப் பின்னால் தலையைத் தாங்கும் பகுதி இருக்கும். எத்தனை கிலோ எடையுள்ள பிள்ளைக்கு என்பதும் சீட்டில் இருக்க வேண்டும். கால்களுக்கு நடுவே போகும் பட்டி இல்லாததைச் சின்னப் பிள்ளைக்கு வாங்கவே வேண்டாம். போட்டுக் கட்டிய பிறகு தோள் இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை வந்தால் அளவு பெரிது. சீட்டே இல்லாத அங்கி என்றால் 2,400 இல்லை, 400 ரூபாவுக்கும் வேண்டாம். ஊதிப் போடும் கைப்பட்டிகள் விளையாட்டுச் சாமான்கள், அவற்றைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

கேள்வி: ஜூனில் கற்பிட்டித் தீவொன்றில் 'கூடாரம், சாப்பாடு, படகு, டொல்பின் எல்லாம் உள்ளடக்கம்' என்று ஒரு குழு விளம்பரம் செய்கிறது. ஆளுக்கு 15,000 முற்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா? (தெஹிவளை வாசகர்)

பதில்: இப்போது கட்ட வேண்டாம். கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்கும் காலம் நவம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை. ஜூன், தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றின் காலம். காற்றுச் சறுக்கு விளையாட்டுக்காரர்கள் உலகமெங்குமிருந்து கற்பிட்டிக்கு வருவதே அந்தக் காற்றுக்காகத்தான். புத்தளம் களப்பின் உள்பக்கம் அமைதியாக இருக்கலாம், வெளிக்கடல் அப்படி இருக்காது. ஜூனில் டொல்பின் காட்டுகிறோம் என்பவருக்குக் கடல் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அவர்களிடம் சிலவற்றை எழுத்தில் கேளுங்கள். தீவின் பெயர் என்ன, களப்புக்குள்ளா வெளிக்கடலிலா? காற்றால் படகு போகாவிட்டால் முழுக்காசும் திரும்புமா, வேறு நாள் மட்டும்தானா? தலைக்கு ஒரு அங்கி இருக்கிறதா? கழிப்பறை என்ன ஏற்பாடு? காசு போகும் வங்கிக் கணக்கு நிறுவனத்தின் பெயரிலா, தனி ஆளின் பெயரிலா? இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு உண்டா? நல்ல குழு இதற்கெல்லாம் பத்து நிமிடத்தில் பதில் அனுப்பும். 'வாங்க, பார்த்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். எழுத்தில் வாங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காசு கொடுத்துப் பெறும் சேவையும் உரிய கவனத்தோடு செய்யப்பட வேண்டும் என்பது மேலே சொன்ன 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது, முறைப்பாட்டுக்கு அந்த எழுத்துத்தான் சாட்சி.

நிலாவெளிக்கு எதிரே புறாமலையில் இரவு தங்க வைக்கிறோம் என்று யாராவது சொன்னால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அது 2003 முதல் தேசிய பூங்கா. பகலில் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

கேள்வி: நெடுந்தீவுக்குத் தண்ணீரும் காஸ் அடுப்பும் கொழும்பிலிருந்தே கொண்டு போவதா? (பம்பலப்பிட்டி வாசகர்)

பதில்: தண்ணீரும் காஸ் குப்பியும் வேண்டாம், அடுப்பு மட்டும் போதும். எரிபொருளை ரயிலிலும் பஸ்ஸிலும் ஏற்றக்கூடாது. வெயிலில் மூடிக் கிடக்கும் பைக்குள் காஸ் குப்பி வைப்பதும் ஆபத்து. அடுப்பை மட்டும் கொண்டு போய், குப்பியை யாழ்ப்பாணத்தில் வாங்குங்கள். அடுப்பின் வாய்க்கும் குப்பியின் வாய்க்கும் பொருந்துகிறதா என்று கொழும்பிலேயே பார்த்துவையுங்கள். திருகும் வகையும் கொளுவும் வகையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. காய்ந்த பனையோலைக்குப் பக்கத்தில் நெருப்பு மூட்டவே கூடாது, வடலி ஒன்று பற்றினால் அணைக்கத் தண்ணீர் இல்லை.

நெடுந்தீவில் பல கிணறுகள் உவர். ஊராருக்கே நல்ல தண்ணீர் அருமை, அவர்களுடைய பங்கில் நாம் கைவைக்கக்கூடாது. குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் கணக்குப் போடுங்கள், சமையலுக்குத் தனியாக. யாழ்ப்பாணத்திலேயே 5 லீற்றர் போத்தல்களாக வாங்கினால் தூக்கவும் சுலபம். 2025 ஏப்ரலில் அறிவித்த உச்ச சில்லறை விலை 5 லீற்றருக்கு 350 ரூபா, ஒரு லீற்றருக்கு 100, ஒன்றரை லீற்றருக்கு 130. அதற்கு மேல் கேட்டால் பற்றுச்சீட்டோடு 1977க்குச் சொல்லலாம். எஸ்.எல்.எஸ். 894 முத்திரையும் மூடியின் சீலும் இருக்கிறதா பாருங்கள். வெறும் போத்தல்கள் திரும்ப உங்களோடுதான் வர வேண்டும்.

சாப்பாட்டுக்கு வெளிநாட்டுப் பொதி உணவு தேடி அலைய வேண்டாம். புழுக்கொடியல், பயற்றம் உருண்டை, எள்ளுப்பாகு, வறுத்த அரிசிமா: வெக்கையில் பழுதாகாத, தண்ணீர் அதிகம் கேட்காத சாப்பாடு நம் வீட்டிலேயே இருக்கிறது. மீன் அங்கே கரையில் கிடைக்கும்.

கேள்வி: கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு முதல் தடவை போகிறேன். கூடாரம் வாங்கவா? (கொச்சிக்கடை வாசகர்)

பதில்: ஓர் இரவுக்குக் கூடாரம் தேவையில்லை. ஆளில்லாத தீவு, குடிதண்ணீர் கிடையாது, கூட்டம் நெருக்கமாக இருக்கும். இரண்டு பேருக்கு ஒரு சின்னத் தறப்பாள், ஒரு பாய், தொப்பி, தலையில் கட்டும் லைட் போதும். லைட்டில் ஐ.பி.எக்ஸ். 4 என்று இருந்தால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், படகில் நனைவதற்கு 7 என்று இருப்பது நல்லது. கிளம்புவதற்கு முதல் நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையில் மன்னாரிலிருந்து காங்கேசன்துறை வரையான கடற்பரப்புக்கு என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். தண்ணீரைத் தோளில் தூக்கக்கூடிய பையில் எடுங்கள், இறங்கும்போது இரண்டு கையும் உங்களுக்கு வேண்டும்.