ஷூட்டர் கேமுக்கு 2000 ரூபாயில் மவுஸ் வாங்கப் போகிறேன். டிபிஐ அதிகமாக உள்ளதைத்தான் எடுக்கணுமா?

வேண்டாம். டிபிஐயைப் பார்த்து வாங்கி ஏமாந்தவன் சொல்கிறேன். டிபிஐ என்பது மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் திரையில் குறி எத்தனை புள்ளி நகரும் என்ற கணக்கு.

கல்லூரியில் சேர்ந்த புதிதில், பெட்டியில் 12800 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த மவுஸ் ஒன்றைக் காரைக்குடியில் வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். ஏழு நிறத்தில் விளக்கு எரியும். வீட்டு முற்றத்தை ஒட்டிய வளவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, லேப்டாப்பை மனைப்பலகையில் வைத்து, மவுஸை ஆத்தங்குடிக் கல் தரை மேலேயே ஓட்டி வேலரன்ட் என்ற ஷூட்டர் கேம் ஆடினேன். எதிராளி தலைக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் கிராஸ்ஹேர், அதாவது திரையில் குறி காட்டும் புள்ளி, துள்ளும். நான் கத்துகிற கத்தில் அப்பத்தா, "யாருடா அடிச்சா?" என்று இரண்டாம் கட்டிலிருந்து ஓடி வரும்.

பாதிக் குற்றம் தரையுடையது. மவுஸுக்கு அடியில் இருப்பது ஒரு குட்டிக் கேமரா, அதைத்தான் சென்சார் என்கிறார்கள். தரையின் சொரசொரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் நகர்வைக் கணக்கிடுகிறது. ஆத்தங்குடிக் கல்லோ கண்ணாடி மேல் வார்த்து எடுப்பது. அந்த வழுவழுப்பு காலுக்குச் சுகம், சென்சாருக்கு ஆகாது. அதனால் முதல் செலவு பெரிய துணி பேட்.

பெரியது என்று சொல்லக் காரணம் இருக்கிறது. போட்டிகளில் ஆடுபவர்கள் பெரும்பாலும் 400 முதல் 1600 டிபிஐக்குள்தான் வைக்கிறார்கள். வேலரன்டில் 800 டிபிஐ, கேமுக்குள் வைக்கும் வேக அளவான சென்சிடிவிட்டி 0.35 என்று வைத்தால், ஆள் ஒரு முழுச் சுற்றுத் திரும்ப மவுஸை ஏறக்குறைய 47 செ.மீ. இழுக்கணும். குறி வைப்பது மணிக்கட்டு வேலை என்று நினைத்திருந்தேன், முழங்கை வேலை. 12800 வைத்தால் தும்மினாலே கூரையைப் பார்ப்பீர்கள்.

அப்புறம் கை. உள்ளங்கை முழுதும் படிய வைப்பீர்களா, விரல் நுனியால் பிடிப்பீர்களா? படிய வைப்பவருக்குக் கூன் உயர்ந்த பெரிய மவுஸ், நுனிப் பிடிக்குச் சின்னது. இதை யாரும் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நண்பன் வீட்டிலோ கடையிலோ பிடித்துப் பார்த்துவிடுங்கள். எடையும் முக்கியம், மணிக்கணக்கில் தூக்கித் தூக்கி வைக்கப் போகிறீர்களே.

போலிங் ரேட் 1000 ஹெர்ட்ஸ் இருந்தால் போதும். மில்லிநொடிக்கு ஒரு தடவை கணினிக்குச் சேதி போகும். சாதா ஆபீஸ் மவுஸ் பெரும்பாலும் 125, அதாவது 8 மில்லிநொடிக்கு ஒரு தடவை. 1000-க்கு மேல் 4000, 8000 எல்லாம் உங்கள் பட்ஜெட்டுக்கு வேண்டாத பேச்சு.

நான் இப்போது வைத்திருப்பது லாஜிடெக் ஜி102. ஒயர் உள்ளது, 85 கிராம், கை சின்னதாக இருந்தால் கச்சிதம். ஒயர் தொல்லை வேண்டாம் என்பவர்கள் ஜி304 பார்ப்பார்கள். ஏஏ பேட்டரியோடு 99 கிராம் வரும், எனக்கு அது கனம். உங்களுக்குக் கை பெரிது என்றால் இரண்டுமே வேண்டாம், ரேசர் டெத்ஆடர் எசென்ஷியல் பிடித்துப் பாருங்கள்.

பக்கவாட்டில் ரப்பர் ஒட்டியதை மட்டும் நான் தவிர்ப்பேன். நம்ம ஊர் சித்திரை வெயிலில் வேர்க்கும் கைக்கு அது ஒரே வருடத்தில் பிசுபிசுத்துவிட்டது.