படகுப் பெயரில் வளைவு உடைகிறதா? மெஷினை மாற்றாதீர்கள்

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன். விசைப்படகுகளுக்குப் பெயரை வினைல் ஸ்டிக்கர் தாளில் கட்டர் மெஷினால் வெட்டித் தருகிறேன். கம்ப்யூட்டரில் வழுவழுப்பாக இருக்கும் 'ழ', 'ஒ' எல்லாம் வினைலில் முனை முனையாக வருகின்றன. உப்புக்காற்றில் ஹெட் (கத்தியைப் பிடித்து நகரும் பகுதி) போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் மெஷின் விற்றவர். மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். கட்டர் மென்பொருளில் அந்த 'ழ'வை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். அங்கேயே வளைவு குட்டிக் குட்டி நேர்கோடுகளாகத் தெரிந்தால் குறை கோப்பில்தான். உப்புக்காற்றைச் சொல்லி ஹெட் விற்பது நம் கரையோரத்தில் சுலபமான வியாபாரம், ஏமாறாதீர்கள்.

எழுத்தை வடிவமைக்கும் கோரல்டிரா மென்பொருளில் வளைவு ஒரு கணக்கு. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. கட்டருக்கு அனுப்பும் பிஎல்டி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யும்போதுதான் உடைகிறது. அந்தக் கோப்பில் இருப்பது எச்பி நிறுவனம் 1970களில் பேனா பிளாட்டருக்காக (பேனாவால் படம் வரையும் மெஷின்) செய்த மொழி. பேனாவைத் தூக்கு, இறக்கு, இந்தப் புள்ளிக்குப் போ. பல கட்டர்களுக்கு இவ்வளவுதான் புரியும்; வளைவையும் குட்டி நேர்கோடுகளாகத்தான் அனுப்ப வேண்டும். நேர்ப்பலகைகளை அடுக்கி வட்டம் கட்டியது போல ஆகிவிடுகிறது எழுத்து. இத்தனை வருடம் கழித்தும் அதையே கட்டிக்கொண்டு அழ வைக்கிறார்களே என்று ஆத்திரமாக வருகிறது.

சின்னதாக எக்ஸ்போர்ட் செய்து கட்டரில் பெரிதாக்குகிறீர்களா? 1 செ.மீ. ஆரமுள்ள வளைவிலிருந்து நேர்கோடு 0.1 மி.மீ. பிசகலாம் என்று விட்டால் ஒவ்வொரு துண்டும் சுமார் 2.8 மி.மீ.; கண்ணுக்குத் தெரியாது. பத்து மடங்காக்கினால் துண்டு 28 மி.மீ., பிசகு 1 மி.மீ. அதுதான் உங்கள் முனை. கோரலிலேயே முழு அளவுக்கு வைத்துவிட்டு எக்ஸ்போர்ட் செய்யுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும்போது அந்தப் பிசகைக் குறிக்கும் 'கர்வ் ரெசல்யூஷன்' 0.004 அங்குலம் (சுமார் 0.1 மி.மீ.) போதும்.

'வெக்டர் பண்ணித் தருகிறேன்', அதாவது படத்தை வெட்டக்கூடிய கோடுகளாக மாற்றித் தருகிறேன் என்று வாட்ஸ்அப் படத்தை வாங்கிக் காசு கேட்பவர்களிடம் இன்னும் கவனம். ஜேபெக் படத்தை அப்படியே சிடிஆர் (கோரல்டிரா) கோப்புக்குள் ஒட்டித் தருவார்கள். இல்லையென்றால் மென்பொருளே படத்தைப் பார்த்துக் கோடு போடும் ஆட்டோ டிரேஸ் போட்டு ஒரே 'ஒ'வில் நூற்றுக்கணக்கான நோடுகளை (கோட்டின் புள்ளிகளை) கொட்டியிருப்பார்கள். காசு கொடுக்குமுன், நிறமில்லாமல் வெறும் கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃப்ரேமில் பாருங்கள். எழுத்துருவிலிருந்து நீங்களே தட்டினால் அந்தச் செலவே இல்லை.

ஒரு விலக்கு உண்டு. வளைவு நன்றாக வந்து மூலை மட்டும் மழுங்கினாலோ, வட்டம் தொடங்கிய இடத்தில் வந்து சேராவிட்டாலோ, அது கத்தியின் ஆஃப்செட். கத்தி நுனி நட்டநடுவில் இருக்காது, சற்று விலகியிருக்கும், பெரும்பாலும் 0.25 மி.மீ. அந்த எண் கட்டரிலும் அதேபோல் இருக்க வேண்டும். வேறு வகைக் கத்தி போட்டால் எண்ணையும் மாற்றுங்கள். தேய்ந்த கத்தியா, புதுக்கத்தி போடுங்கள். அதற்கும் ஹெட் மாற்ற வேண்டியதில்லை.