ரத்தம் ஏற்றுவதால் பரவும் மஞ்சள் காமாலையை ஒழித்ததில் ஹார்வி ஆல்டரின் பங்கு என்ன?

அமெரிக்க மருத்துவ ஆய்வாளரான ஆல்டருக்கு மருத்துவ நோபல் பரிசு 2020-இல் கிடைத்தது, சரி. ஆனால் அவர் செய்த வேலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீள்கிறது.

1960-களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில், பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளி ஒருவரின் சீரத்தையும் (ரத்தத்தின் தெளிநீர்) ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் சீரத்தையும் அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் எதிரெதிரே வைத்தபோது, இரண்டும் வினைபுரிந்ததைக் காட்டும் ஒரு கோடு நடுவில் விழுந்தது. பரூக் ப்ளூம்பெர்க் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து ஆல்டர் கவனித்த அந்தக் கோடுதான், மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் கல்லீரல் அழற்சிக்குக் காரணமான ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடிக்க வழிவிட்டது.

அந்தக் காலத்தில் அங்கே திறந்த இதய அறுவை சிகிச்சைக்கு ரத்தம் ஏற்றியவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. காசுக்கு விற்ற ரத்தத்தை நிறுத்தி, பி வைரஸுக்கான பரிசோதனையையும் சேர்த்ததும் அது வெகுவாகக் குறைந்தது. ஆனால் முழுதாக நிற்கவில்லை. மிச்சமிருந்த நோய்க்கு ஹெபடைடிஸ் ஏ வைரஸும் காரணமில்லை, பி வைரஸும் காரணமில்லை என்று 1975-இல் ஆல்டரின் குழு காட்டியது.

என்னைக் கேட்டால், அவருடைய பெரிய சொத்து அந்த உறைபெட்டிதான். நோயாளிகளின் ரத்த மாதிரிகளை ஆண்டுக்கணக்கில் பத்திரப்படுத்தினார். வைரஸைப் பிடித்துவிட்டோம் என்று யார் வந்தாலும், நோயுள்ளது எது, இல்லாதது எது என்று சொல்லாமல் ரகசிய எண்ணிட்ட குப்பிகளைக் கொடுப்பார். பல ஆய்வகங்கள் அதில் தோற்றன. கடைசியில் வைரஸ் ஆய்வாளர் மைக்கேல் ஹௌட்டன் குழுவின் பரிசோதனை தேறியது. 1989-இல் ஹெபடைடிஸ் சி என்ற பெயரோடு அந்த வைரஸ் பற்றிய கண்டுபிடிப்பு வெளியானது. அப்புறம் 1990-லிருந்து அமெரிக்க ரத்த வங்கிகள் தானம் வந்த ரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கின. சில ஆண்டுகளில் அங்கே ரத்தம் ஏற்றி இந்நோய் வருவது கிட்டத்தட்ட இல்லாமலே போனது.