சரளமாகப் பேசி எங்கே போவது?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, பி.ஏ. ஆங்கில இலக்கியம்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மூன்று வருடம் படித்தால் சரளமாக ஆங்கிலம் பேச வந்துவிடுமா? வேலைக்கு உதவுமா? அல்லது பி.காம். சேர்த்துவிட்டு, மாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அனுப்பினால் போதுமா? எந்தக் கல்லூரி நல்லது?
– வாசகர் ஒருவர், காங்கேயம்

பதில்: கேட்டது நான்கு கேள்வி. எனக்கு உறுத்துவது ஒரே ஒரு சொல்: 'சரளமாக'. நம் பக்கத்தில் சரளத்துக்கு என்றைக்குப் பஞ்சம் இருந்தது? திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் லாரியில் ஏறி மத்தியப் பிரதேசம் போகிற பையன், ஆறே மாதத்தில் இந்தியில் டீசல் கடன் சொல்கிறான். இத்தனை அடி ஓட்டவில்லை என்று தகராறு செய்கிற நிலத்துக்காரரிடம் அதே இந்தியில் சண்டையும் போடுகிறான். எந்த வகுப்புக்கும் போகவில்லை. காசு வர வேண்டியிருந்தது, வாய் தானாகத் திறந்துகொண்டது. கோவையின் தொழில் மேதை ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடத்தில் அதிக நாள் தங்கியவர் இல்லை. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கியவர், பிற்பாடு ஐரோப்பா வரை போய் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு வந்தார். முதலில் சரளம் வரட்டும், அப்புறம் கப்பல் ஏறலாம் என்று அவர் காத்திருந்தால் நஷ்டம் கோவைக்குத்தான்.

சரளம் இருந்தும் நம் பிள்ளைகள் தோற்கிற இடம் ஒன்று உண்டு. வளாக நேர்காணலில் 'குரூப் டிஸ்கஷன்' என்று ஒரு சடங்கு வைக்கிறார்கள். எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்து, பிளாஸ்டிக் தடை சரியா தவறா என்று ஒரு தலைப்பைத் தூக்கிப் போடுவார்கள். குறுக்கே பாய்ந்து பேசுகிறவனுக்கு மதிப்பெண். நாம் பிள்ளை வளர்த்த இலட்சணம் என்ன? பெரியவர் பேசும்போது வாயைத் திறக்காதே, நாய்க்குட்டியைக்கூட 'வாங்க' என்று கூப்பிடு. ஆகவே கோபிச்செட்டிபாளையத்துப் பையன் எதிராளி பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறான். முடித்ததும் தலையாட்டுகிறான். மறுத்துப் பேச வேண்டிய இடத்தில், 'அதுவும் சரிதானுங்க' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, ஆங்கிலத்தில் இந்த 'ங்க'வை எங்கே ஒட்டுவது என்று தேடுகிறான். இடம் கிடைக்காமல் வாக்கியத்துக்கு வாக்கியம் வாலில் ஒரு 'சார்' வைத்து முடிக்கிறான். எதிரே உட்கார்ந்திருப்பது அவன் வகுப்பில் படிக்கும் பெண். எட்டுப் பேரும் கொங்கு நாட்டுப் பிள்ளைகளாக அமைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 'நீங்க ஆரம்பிங்க', 'இல்லீங்க, நீங்களே ஆரம்பிங்க' என்று உபசாரம் நடந்து முடிவதற்குள் நேரம் தீர்ந்து காபி வந்துவிடும். நிறுவனத்துக்கு அன்று ஒரு ஆள் கிடைத்திருக்காது. வேடிக்கை பார்க்க வந்த பெற்றோர்களுக்கு இரண்டு நல்ல சம்பந்தம் கிடைத்திருக்கும்.

இதற்கு மருந்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் கிடைக்காது. முப்பது நாளில் ஆங்கிலம் என்று மின்கம்பத்துக்கு மின்கம்பம் தட்டி கட்டுகிறவர்களோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு என்பது இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், மறுபடி கிளற மாட்டேன். பேச்சுப் பயிற்சிதான் வேண்டுமென்றால், 2022இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் கல்லூரிக்குள்ளேயே அதற்கு வழி இருக்கிறது. தனியாக ஏன் கட்டணம் கட்டுகிறீர்கள்?

இனி பி.ஏ. ஆங்கில இலக்கியத்துக்கு வருகிறேன். அது பேசக் கற்றுத்தரும் படிப்பே அல்ல. பகுதி ஒன்றில் தமிழ், பகுதி இரண்டில் எல்லோருக்குமான ஆங்கிலம். மூன்றாம் பகுதியான முதன்மைப் பாடத்தில் கவிதை, நாடகம், நாவல், இலக்கிய வரலாறு, கொஞ்சம் மொழியியல். தேர்வு என்றால் மூன்று மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் எழுதுவது. வாயைத் திறக்காமலே பட்டம் வாங்கிவிடலாம். வாங்கியவர்கள் நம் மாவட்டங்களில் ஏராளம். அதைவிடக் கொடுமை, புத்தகத்தையும் திறக்காமல் வாங்கலாம். பஸ் நிலையத்துக்கு எதிரே கைடு விற்கிறார்கள். ஐந்து அங்க நாடகம் அதில் ஒன்றரைப் பக்கம். கீழே 'அனோடேஷனுக்கு', அதாவது இடஞ்சுட்டி விளக்கம் எழுதும் கேள்விக்கு, 'வரக்கூடியவை' என்று நட்சத்திரக் குறி போட்ட நான்கு வரிகள். நட்சத்திரம் இல்லாத வரியை ஷேக்ஸ்பியர் ஏன் எழுதினார் என்பது கைடுகாரருக்கே விளங்காத மர்மம். உங்கள் மகள் அப்படிப் படிப்பதாக இருந்தால் தாராளமாக பி.காமில் சேருங்கள்.

புத்தகத்தைத் திறந்து படிப்பவளாக இருந்தால் கதை வேறு. திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது ஆர்டர் கொடுத்தவரோடு பேசி வேலையை முடித்துக்கொடுக்கிற பொறுப்பில் இருப்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். பையர், அதாவது துணி வாங்குகிறவர், ஜெர்மனியில் இருக்கிறார். துணியில் சாயம் ஒரு சாயல் தூக்கலாக வந்துவிட்டது. ஆனால் லேப் டிப் என்கிற சாய மாதிரித் துண்டைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தவர் அவர்தான். மறுபடி சாயம் போட்டால் ஷிப்மெண்ட் தள்ளும், விமானத்தில் அனுப்பினால் அந்தச் செலவு யார் தலையில் என்று கேள்வி வரும். அவ்வளவையும் அவர் மனம் கோணாமல், நம் கையையும் நாமே கட்டிக்கொள்ளாமல், ஆறு வரி மின்னஞ்சலில் எழுத வேண்டும். சரளம் இங்கே ஆபத்து. தாராளமாக ஒரு 'சாரி' விழுந்தால் தவறு நம்முடையது என்றாகி, அடுத்த அஞ்சலில் தள்ளுபடி கேட்பார். ஒரு பாத்திரம் ஏன் இந்தச் சொல்லைச் சொன்னது, ஏன் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டது என்று மூன்று வருடம் உற்றுப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த ஆறு வரி வசப்படும். மடமடவென்று பேசுகிறவர்கள் 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்' என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஆங்கிலம் என்றதும் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்து தொலைக்கிறது. ஈரோட்டுக்காரருக்கும் தாராபுரத்துக்காரருக்கும் நடக்கும் சம்பந்தத்தை ஆங்கிலத்தில் அச்சடித்து, அடியில் 'நியர் அண்ட் டியர் ஒன்ஸ்' என்று போடுகிறார்கள். அழைப்பவர் பட்டியலில் முதல் பெயர் பாட்டியுடையது. தன் பெயர் எங்கே இருக்கிறது என்று பாட்டி பேரனைக் கேட்க வேண்டும். போன முறை இதை எழுதியதற்குப் பல்லடத்திலிருந்து ஒரு வாசகர், நான் ஆங்கிலத்துக்கே எதிரி என்று நான்கு பக்கம் திட்டினார். ஐயா, கோவையில் பிறந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார் 1947 நவம்பரில் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை ஆங்கிலத்தில்தான் வாசித்தார். அதே மனிதர்தான் தமிழிசைக்காகவும் முன்னே நின்றார். அவருக்கு எது எங்கே என்று தெரிந்திருந்தது. என் சண்டை அச்சகத்தோடு, மொழியோடு இல்லை.

வேலையா? பி.எட். முடித்துத் தகுதித் தேர்வு எழுதினால் பள்ளி ஆசிரியர். எம்.ஏ. படித்து, கல்லூரி ஆசிரியர்களுக்கான தகுதித் தேர்வான நெட் அல்லது செட் தேறினால் கல்லூரிப் பக்கம் போகலாம். அரசுப் பணித் தேர்வு என்றால், 2021 இறுதியில் வந்த அரசாணைப்படி தமிழ்த் தாளில் தேறாமல் உள்ளே போக முடியாது. பகுதி ஒன்றையும் தூங்காமல் படிக்கச் சொல்லுங்கள்.

எந்தக் கல்லூரி என்று பெயர் சொல்லி நான் வம்பில் மாட்டிக்கொள்ள மாட்டேன். விண்ணப்பம் வாங்கப் போகும்போது, நூலகம் மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கும், முதலாண்டு மாணவிக்கு நாவலை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவீர்களா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். கேட்க வேண்டியது நீங்கள் அல்ல, உங்கள் மகள். அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் அடுத்த கல்லூரிக்குப் பஸ் ஏறுங்கள்.